நாலாவது கஞ்சாச் செடி

"இதுவும் போச்சு, தங்கச்சி."

தில்லையம்பலத்தார் வாசற்படியில் நின்றார். அவர் கையில் முறிந்த கஞ்சாத் தண்டு ஒன்று வாடித் தொங்கியது.

வதனி அதை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். பிறகு குப்பைக் கூடையில் போட்டாள்.

"எத்தினையாவது அண்ணை?"

"மூண்டாவது."

"வீட்டுக்கு எத்தினை வளர்க்கலாம்?"

"நாலு."

"அப்ப ஒண்டு கிடக்குத்தானே. உள்ளை வாங்கோ, தேத்தண்ணி குடியுங்கோ."

இது ரொறன்ரோவில் நடந்தது. அங்கே வீட்டுக்கு நாலு கஞ்சாச் செடி வளர்க்கச் சட்டம் விட்டிருக்கிறது. பொலிஸ்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாலும் "குட் மோர்னிங்" சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

குரு என்றதும் தாடியைத் தேடுகிறவர்கள் இந்தக் கதையில் ஏமாந்துபோவார்கள். வதனிக்கு நாற்பத்தைந்து வயது. பூங்கன்று விற்கும் பண்ணையில் வேலை. சீடருக்கு அறுபத்தெட்டு. ஊரில் இருபது வருடம் புகையிலைத் தோட்டம் செய்தவர். பயிரைப் பற்றி யாராவது அவருக்குப் புத்தி சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். கேட்கிறாரா நித்திரையா என்று ஒருவருக்கும் தெரியாது.

இப்போது கண்ணைத் திறந்து வைத்திருந்தார். பயம்தான் காரணம்.

"இனி விதை போட்டால் பனிக்கு முந்திப் பூக்காது," என்றார். "மிச்சம் இருக்கிறது அந்த ஒண்டுதான்."

செடி அவருடைய மனைவி பவளத்துக்காக. இரண்டு பனி மாரிக்கு முன்னர் அவளுடைய முதுகெலும்பு வளைந்துவிட்டது. நாரி நோவில், இடுப்பெல்லாம் வலித்து, நித்திரை இல்லை. கஞ்சா எண்ணெய் கொஞ்சம் எடுத்துப் பார்க்கலாம், கடையில் கிடைக்கும் என்றார் டாக்குத்தர். வீட்டுக்குள் கொஞ்சம் எழும்பி நடக்கவும் சொன்னார்.

"ஆர் செய்ததோ, என்னத்தைக் கலந்தாங்களோ. எங்கடை வளவிலை விளைஞ்சால் தாருங்கோ," என்றாள் பவளம். நடப்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"போன மாரி முழுக்கக் கதிரையிலையே இருந்தவ, தங்கச்சி. இன்னொரு மாரியும் அப்பிடிப் போனால் அவ எழும்பவே மாட்டா. எனக்குத் தெரியும்."

வதனி தேநீரை அவர் முன்னால் வைத்தாள்.

"இது எப்பிடி முறிஞ்சது?"

"நீர் வளைக்கச் சொன்னனீர். வளைச்சன்."

"ஒரே நாளிலையோ?"

"ஒரே பிடியிலை."

"அதுக்கு முந்தினது?"

"கம்பியாலை கட்டினன். தண்டை அறுத்துப்போட்டுது."

"முதலாவது?"

தில்லையம்பலத்தார் தேநீரை ஊதினார். அது ஏற்கெனவே ஆறியிருந்தது.

"அதை நான் வளைக்கேல்லை. கமுகு மாதிரி நேரா நிண்டுது. காத்து விழுத்திப்போட்டுது."

"ஏன் வளைக்கேல்லை?"

"மனம் வரேல்லை. வீட்டிலை ஒருத்தி வளைஞ்சது போதாதே?"

வதனி சப்பாத்தை மாட்டிக்கொண்டு அவருடன் நடந்தாள். அவர் வீடு நாலு வீடு தள்ளித்தான்.

மிஞ்சிய செடி பின்வளவில் ஒரு பெரிய பூச்சாடியில் நின்றது. முழங்கால் உயரம்.

"தண்ணி ஊத்தினனீங்களோ?"

"இன்னும் இல்லை."

"நல்லது. தண்ணி குடிச்ச தண்டு விறைப்பா நிக்கும், டக்கெண்டு முறியும்."

பழைய பருத்திச் சீலை ஒன்றை நாடா நாடாவாகக் கிழித்தாள். ஒரு நாடாவால் அடித்தண்டைச் சாடியின் ஒரு பக்கத்தோடு சேர்த்துக் கட்டினாள், வேர் கிளம்பாமல் இருக்க. பிறகு இரண்டு கையாலும் தண்டைப் பிடித்து மற்றப் பக்கம் சாய்த்தாள். கொஞ்சம்தான். நுனியைச் சாடி விளிம்பில் இருந்த ஓட்டையோடு தளர்வாகக் கட்டினாள்.

"எவ்வளவுக்கு வளைக்கிறது?"

"அது வளைய விடுமட்டும்."

"அது எப்பிடித் தெரியும்?"

"கைக்குத் தெரியும்."

"நாளைக்கு?"

"நாளைக்கு இன்னும் கொஞ்சம். சரிஞ்சு படுத்தால் பக்கமெல்லாம் வெயில் படும். கணுவுக்குக் கணு குருத்து வரும். ஒவ்வொண்டும் ஒரு உச்சிதான், உச்சிக்கு உச்சி பூ. எண்ணெய் அந்தப் பூவிலைதான்."

கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் கதிரையில் பவளம் உட்கார்ந்திருந்தாள். கதவைத் தள்ளித் திறக்கக் கையை நீட்டினாள். தில்லையம்பலத்தார் ஓடினார்.

"நீ இரு, நீ இரு. நான் திறக்கிறன்."

அவள் மேசையில் இருந்த தண்ணீர்ப் போத்தலைப் பார்த்தாள்.

"நீ இரு. நான் எடுத்துத் தாறன்."

போர்வை நழுவியது. அவள் குனியப் பார்த்தாள்.

"நீ இரு."

அவர் அன்பில்தான் சொன்னார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பவளம் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

வதனி நாடா மிச்சத்தைச் சுருட்டிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

பன்னிரண்டு நாள் கழித்து மறுபடியும் வாசல் மணி.

"நீர் சொன்னமாதிரித்தான் எல்லாம் செய்தன். செடி படுத்திட்டுது. நுனி வடிவா மேலை திரும்பிட்டுது. பக்கத்திலை ஒரு குருத்தும் இல்லை. இது மலட்டுச் செடியோ?"

வதனி போய்ப் பார்த்தாள். செடி நன்றாகப் படுத்திருந்தது. கட்டும் தளர்வாக இருந்தது. ஆனால் ஒவ்வொரு கணுவிலும் காய்ந்த சின்னத் தழும்பு ஒன்று இருந்தது.

"ஆர் இதைக் கிள்ளினது?"

"கிள்ளிறதோ? ஆர் கிள்ளுவினம்? இஞ்சை என்னைத் தவிர ஒருத்தரும் வாறேல்லை. அணில் கிணில் வந்திருக்கும்."

சொல்லிக்கொண்டே அவர் செடியருகில் குனிந்தார். வலது கை தானாக நீண்டது. கட்டைவிரலும் சுட்டுவிரலும் ஒரு கணுவுக்குப் போயின. அன்று காலை தலைகாட்டியிருந்த பச்சைக் குருத்து ஒன்றை டக்கென்று கிள்ளின.

இரண்டு பேரும் அந்தக் கையைப் பார்த்தார்கள்.

புகையிலையில் பக்கக் குருத்து வந்தால் இலை சிறுத்துவிடும். அதனால் ஒவ்வொரு விடியலிலும் வரிசை வரிசையாகக் குனிந்து கிள்ளவேண்டும். இருபது வருடம் அப்படிக் கிள்ளிய விரல்கள் அவை.

"நானோ?" என்றார் தில்லையம்பலத்தார். அவருடைய குரல் இறங்கிவிட்டது. "காலமை காலமை வந்து பாக்கிறனான். பாக்கேக்கை கிள்ளியிருக்கிறன். எனக்கே தெரியேல்லை, பிள்ளை."

"பரவாயில்லை அண்ணை."

"இனி வருமோ?"

"கணுவிலை உயிர் இருக்கு. விட்டால் வரும்."

"விடுவன். சத்தியமா விடுவன்."

"கையைத் தாங்கோ."

அவர் வலது கையை நீட்டினார். வதனி சட்டைப்பைக்குள் இருந்து நாடாவை எடுத்தாள். கட்டைவிரலையும் அடுத்த இரண்டு விரல்களையும் சேர்த்து வைத்துச் சுற்றினாள். செடியைக் கட்டியதுபோலவே, நோகாமல், ஆனால் அசையாமல்.

"இதென்ன விளையாட்டு?"

"பத்து நாளைக்கு அவிழ்க்காதேங்கோ."

"பத்து நாளோ? அப்ப சமையல்? சட்டைக்குத் தெறி பூட்டிறது? அவவுக்கு ஆர் சீப்பாலை தலை இழுத்து விடுறது?"

"தண்ணியை இடக்கையாலை ஊத்தலாம்," என்றாள் வதனி.

அவ்வளவுதான் சொன்னாள்.

முதல் நாள் இரண்டு பேரும் பாணும் ஜாமும் சாப்பிட்டார்கள். இரண்டாம் நாளும் அதுதான்.

மூன்றாம் நாள் தில்லையம்பலத்தார் இடக்கையால் வெங்காயம் வெட்டப் பார்த்தார். வெங்காயம் வழுக்கிப் பிரிட்ஜுக்குக் கீழே ஓடியது. அவர் குசினித் தரையில் படுத்து அதைத் துழாவினார்.

"இஞ்சை கொண்டாங்கோ," என்று கதிரையில் இருந்து குரல் வந்தது.

"நீ இரு."

"இருந்துகொண்டுதான் கேக்கிறன். கொண்டாங்கோ."

அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. பலகையை அவள் மடியில் வைத்தார். பவளம் மெல்ல மெல்ல வெட்டினாள். இரண்டு வருடத்துக்குப் பிறகு அவள் கையில் வெங்காய மணம்.

அடுத்த நாள் சட்டைப் பொத்தான்களையும் அவளே பூட்டிவிட்டாள். அதற்கு அடுத்த நாள் அடுப்படிக்கு வந்தாள். மேசையைப் பிடித்து, சுவரைப் பிடித்து, நடுவில் ஒரு தரம் நின்று முனகி வந்தாள். நோ போகவில்லை. ஒரு சொதி வைக்கும் நேரம் நின்றாள். பிறகு கதிரையில் இருந்தாள். இருந்தபடியே சண்டை பிடித்தாள்.

"ஆர் என்ரை உப்புப் போத்தலை மேல்தட்டிலை வைச்சது?"

"எனக்குக் கைக்கெட்டவெண்டு..."

"இறக்கி வையுங்கோ."

அவள் நிற்கும்போதெல்லாம் அவர் அவளுக்குப் பின்னால் இரண்டு கையையும் விரித்தபடி நின்றார், நடை பழகும் பிள்ளைக்குப் பின்னால் நிற்பதுபோல.

"போய் உங்கடை கஞ்சாவைப் பாருங்கோ," என்றாள் பவளம்.

அவர் போனார். செடிக்கு முன்னால் குந்தினார். கணுக்களில் பச்சை தெரிந்தது. கட்டிய விரல்கள் அதை நோக்கிப் போய், ஒன்றும் செய்ய முடியாமல் திரும்பி வந்தன. உள்ளே ஒரு சட்டி விழுந்து உருண்டது. எழும்பி ஓட வெளிக்கிட்டார். பிறகு அவள் தன்பாட்டில் ஏதோ ஏசுவது கேட்டது. ஏச்சில் நோவின் சத்தம் இல்லை. அவர் மறுபடியும் குந்திக்கொண்டார்.



பதினோராம் நாள் காலை வதனியின் வாசல் மணி அடித்தது. நாடாவை வெட்டுவிக்க வந்திருக்கிறார் என்று கத்தரிக்கோலுடன் போய்க் கதவைத் திறந்தாள்.

தில்லையம்பலத்தார் நின்றார். அவருக்குப் பின்னால், படிக்கட்டுக் கம்பியைப் பிடித்தபடி, பவளம் நின்றாள். வெளியில் போகிற சேலை கட்டியிருந்தாள். முதுகு வளைந்தபடிதான் இருந்தது. முகம் மட்டும் நிமிர்ந்திருந்தது.

"நடந்தோ வந்தனீங்கள், அக்கா?"

"நாலு வீடுதானே. ஒவ்வொரு வீட்டுக்கு முன்னாலையும் நிண்டு நிண்டு வந்தன். ஆரார் புல்லு வெட்டேல்லை எண்டு எல்லாம் பாத்தாச்சு."

வதனி தில்லையம்பலத்தாரைப் பார்த்தாள்.

"எத்தினை குருத்து?"

"பதினொண்டு," என்றார். "எல்லாம் வெயிலைப் பாத்து நிக்குது. பனிக்கு முந்திக் கட்டாயம் பூக்கும்."

கட்டிய கையை நீட்டினார்.

"இனி இதை வெட்டலாம். வெட்டாட்டிலும் பரவாயில்லை, தங்கச்சி. இப்ப இடக்கையாலையே எல்லாம் செய்யப் பழகிட்டன். இண்டைக்குக் காலமை தேத்தண்ணியும் நான்தான் போட்டன். அவவை எழும்ப விடேல்லை."

வதனி கத்தரிக்கோலைத் திறந்தாள்.

"பிள்ளை," என்றாள் பவளம், மூச்சு வாங்கியபடி. "அதை உள்ளை வைச்சிட்டு நாடாவை எடுத்துக்கொண்டு வா. மற்றக் கையையும் கட்டிவிடு."