வரிக்கு ஏழை, வரனுக்குப் பணக்காரர்

மருதங்கோட்டையில் வரி என்ற சொல்லைக் கேட்டால் காய்ச்சிய பாலும் திரிந்துவிடும் என்பார்கள். அது கொஞ்சம் மிகைதான். ஆனால் அந்த வருஷம் வீட்டு வரி இரண்டு தடவை ஏறியது மிகையில்லை.

"கூரைக்கு வரி, வாசலுக்கு வரி. மூச்சு விடுவதற்குத்தான் இன்னும் போடவில்லை" என்று தறிக்காரத் தெருவில் முணுமுணுத்தார்கள். முணுமுணுப்பு அரண்மனை வரை கேட்டது.

அரசர் பூபாலர் கெட்டவரில்லை. பெரிய ஏரியின் கரை உடைந்து கிடந்தது. மழைக்கு முன்னால் அடைக்கப் பணம் வேண்டும். வீடு கண்ணுக்குத் தெரியும், வரி போடலாம். வருமானம் தெரியாதே! ஊரிலேயே பெரிய பவழ வணிகர் குழந்தைவேலர். வரி கேட்கும் நாளில் ஒட்டுப்போட்ட சால்வையோடு வந்து நிற்பார். "கப்பல் கவிழ்ந்துவிட்டது, மகாராஜா. கஞ்சிக்கே வழியில்லை" என்று கண்ணைக் கசக்குவார். வருஷம் தவறாமல் அவருக்கு ஒரு கப்பல் கவிழும்.

"வேறு வழியில்லை. வீட்டு வரியை மூன்றாம் தடவையும் ஏற்ற வேண்டியதுதான்" என்றார் அரசர்.

சபையில் விகடம் பேசும் அம்பலவாணருக்குப் பொறுக்கவில்லை. அவர் குடியிருந்ததும் தறிக்காரத் தெருதான். பக்கத்து வீட்டுக்காரர் தறியை விற்க விலை பேசிக்கொண்டிருந்தார்.

"மகாராஜா, இல்லாதவன் கூரையைப் பிடுங்கி ஏரியை அடைக்க வேண்டாம். இருப்பவர்களிடம் வாங்கலாமே!"

"இருக்கிறது என்று எவன் தன் வாயால் சொல்கிறான்? சரி, பத்து நாள் தருகிறேன். குழந்தைவேலர் தம் சொத்தைத் தாமே சொல்ல வேண்டும். அடிக்கக் கூடாது, மிரட்டக் கூடாது. முடியாவிட்டால் புது வரியை உம் தெருவில் நீரே பறை அடித்துச் சொல்லும்!"

அம்பலவாணர் யோசித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தார். பறையோடு போனால் தெருவே சாணியைக் கரைத்துக்கொண்டு காத்திருக்கும். முதல் சொம்பு அவர் மனைவியுடையதாகத்தான் இருக்கும்.

வீட்டுக்கு வந்தால் மனைவி வேறு கவலையில் இருந்தாள். "நம்ம பையனுக்கும் குழந்தைவேலர் பெண்ணுக்கும் ஜாதகம் பொருந்தி மாதம் ஒன்றாகிறது. நீங்கள் ஒரு எட்டுப் போய்ப் பேசினால் என்ன?"

அம்பலவாணர் துள்ளி எழுந்தார். "நாளைக்கே போகலாம். வெற்றிலை பாக்கு எடுத்து வை!"

மறுநாள் குழந்தைவேலர் வீட்டில் ஒட்டுச் சால்வையைக் காணோம். காதில் வைரக் கடுக்கன் மின்னியது. மாப்பிள்ளை வீட்டாரிடம் யாராவது இளைத்துப் பேசுவார்களா?

"மூன்று கப்பல் ஓடுகிறது. ஒன்றுகூடக் கவிழ்ந்ததில்லை, சம்பந்தி!"

"அவ்வளவுதானா?" என்று முகத்தைச் சுளித்தார் அம்பலவாணர்.

"நாற்பது வேலி நஞ்செய் இருக்கிறது!"

"ம்..."

"நெல் குதிருக்கு அடியில் ஏழு குடம் பொன் இருக்கிறது. வந்து பாருங்கள்!"

தட்டு மாற்றும் முன் பெண்ணின் தகப்பனார் தம் சொத்தைத் தம் கையாலேயே ஓலையில் எழுதித் தருவது அந்த ஊர் வழக்கம். குழந்தைவேலர் எழுதினார். ஓர் ஓலை போதவில்லை. தட்டு மாறியது. ஊரெல்லாம் கற்கண்டு வழங்கினார்கள்.

பத்தாம் நாள் அந்த ஓலைகள் சபையில் படிக்கப்பட்டன. ஒட்டுச் சால்வையோடு வந்திருந்த குழந்தைவேலர் அலறினார்.

"மகாராஜா! ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய் என்பார்களே! அதெல்லாம் கல்யாணப் பேச்சு!"

"அப்படியா, சம்பந்தி? எதெது பொய் என்று இப்போதே சொல்லிவிடுங்கள். மாப்பிள்ளையின் தகப்பன் இங்கேதான் நிற்கிறேன்" என்றார் அம்பலவாணர்.

குழந்தைவேலர் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். பொய் என்றால் வரி தப்பும். ஆனால் சம்பந்தம் போகும், மானமும் போகும். அவர் மனைவியோ ஏழு ஊருக்குச் சொல்லி அனுப்பிவிட்டாள்.

"மெய்தான்... எல்லாம் மெய்தான்" என்றார் குழந்தைவேலர். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"ஏரிக்கரைக்கு இவர் வரி ஒன்றே போதும். வீட்டு வரி இனி ஏறாது!" என்றார் அரசர். கல்யாண வயதில் பெண் வைத்திருந்த மற்ற வணிகர்கள், யாரும் கூப்பிடாமலே பொக்கிஷ அறைப் பக்கம் நகர்ந்தார்கள்.

குழந்தைவேலருக்கு ஆற்றாமை அடங்கவில்லை. "மகாராஜா, என் வீட்டில் இவரும் ஒன்று சொன்னார். அது மெய்யா என்று கேளுங்கள்!"

அம்பலவாணர் தொண்டையைக் கனைத்தார். "பெரிதாக ஒன்றுமில்லை. மகாராஜா எனக்கு ஒரு கிராமத்தை மானியமாகத் தரப்போகிறார் என்றேன். அது மெய்யா பொய்யா என்று எனக்கே தெரியாது. தாங்கள்தான் சொல்ல வேண்டும்."

அரசர் விழுந்து விழுந்து சிரித்தார். "மெய்தான்! தந்தேன் ஒரு கிராமம்!"

அம்பலவாணர் தரையில் விழுந்து கும்பிட்டார்.

"எழுந்திருக்க அவசரப்படாதீர்" என்றார் அரசர். "அந்தக் கிராமத்துக்கும் வரி உண்டு!"