வரிசையாக விழுந்த நாற்றுகள்

பயிர் நோயியல் மேல்படிப்பில் வெளிநாட்டு மாணவருக்கென்று அந்த வேளாண் கல்லூரியில் இருந்தது ஒரே ஓர் இடம். அதைத் தேடிக் கிளிநொச்சியிலிருந்து கடல் தாண்டி வந்திருந்தார் தவநேசன். அங்கே விவசாய அலுவலர், வயது நாற்பத்திரண்டு. அவரைச் சேர்ப்பதா வேண்டாமா என்று சொல்ல வேண்டிய பேராசிரியை ஜெசிந்தாவுக்கோ முப்பத்தைந்துதான்.

"இந்தப் பசுமைக்குடில்ல நாற்பது தொட்டி மிளகாய் நாற்று இருக்கு சார். ரெண்டு சாஞ்சு கிடக்கு. ஏன்னு பத்து நாள்ல சொன்னா சீட்டு உங்களுக்கு. இல்லேன்னா அடுத்த ஆளுக்குப் போயிடும்."

"பத்து நாளோ? ரெண்டு நாளே காணும், மேடம்" என்று சிரித்தார் தவநேசன்.

மறுநாள் காலை மூன்றாவது நாற்றும் விழுந்து கிடந்தது. அதற்கடுத்த நாள் ஏழு. தண்டு மண்ணைத் தொடுகிற இடத்தில் யாரோ இரண்டு விரலால் நசுக்கிவிட்டுப் போன மாதிரி இருந்தது. காற்று இல்லை, புழு இல்லை. குடில் பூட்டின் சாவி அவர் இடுப்பில்தான் இருந்தது. தண்ணீரைச் சோதித்தார், விதையைச் சோதித்தார். எல்லாம் சுத்தம்.

ஏழாம் நாள் குடிலுக்குள் நுழைந்தவர் அப்படியே திரும்பி ஓடி வந்தார்.

"மேடம், உள்ளுக்கு என்னவோ நடமாடுது. வாசலில இருந்து இடப்பக்கமா, ஒண்டு விடாம, வரிசையா வருது."

"பேய்ங்கிறீங்களா?"

"பகிடி விடாதேங்கோ. எனக்கு உள்ள போகவே பயமாக் கிடக்கு."

"காலைல போனதும் முதல்ல எதைப் பார்ப்பீங்க?"

"விழுந்து கிடக்கிறதைத்தான். பாவமெல்லே? வேரைக் கிண்டிப் பார்ப்பன். பிறகு இடப்பக்கமா ஒவ்வொண்டாத் தொட்டுப் பார்த்துக்கொண்டு..."

பேச்சு பாதியில் நின்றது.

ஜெசிந்தா ஒரு கண்ணாடித் தட்டைத் திறந்தார். பூஞ்சைக்குத் தீனியாக ஊற்றி உறையவைத்த கூழ் அதில் இருந்தது.

"உள்ளங்கையை இதுல வைங்க."

வைத்தார். மூடிப் பத்திரப்படுத்தினார்கள்.

பத்தாம் நாள் தட்டை எடுத்தபோது அதற்குள் ஒரு கை இருந்தது. வெள்ளை வெளேரென்று, ஐந்து விரலோடு, உடம்பெல்லாம் பஞ்சு மயிர் முளைத்து. சுண்டுவிரல் மட்டும் தட்டின் விளிம்பைத் தாண்டப் பார்ப்பதுபோல் நீண்டிருந்தது.

தவநேசன் தன் கையைப் பார்த்தார். அதைப் பார்த்தார்.

"எங்கட பக்கம் ஏழு ஊரில நாற்றுமேடை அழிஞ்சுது, மேடம். ஒண்டுக்குப் பிறகு ஒண்டா. ஏனெண்டு படிக்கத்தான் வந்தனான். ஒவ்வொரு ஊருக்கும் நான்தான் முதல் ஆளா ஓடினனான்."

ஜெசிந்தா சேர்க்கைப் படிவத்தை அவர் பக்கம் நகர்த்தி, மேலே பேனாவை வைத்தார்.

"எனக்கோ? இதுக்குப் பிறகுமோ?"

அவர் கை தானாக நீண்டது.

"பேனாவைத் தொடாதீங்க சார்" என்றார் ஜெசிந்தா. "முதல்ல போய்க் கையைக் கழுவிட்டு வாங்க."