பேராசிரியர் காட்டிய பூச்சாண்டி

“எனக்கு ஆட்டம் சரியா வரலைன்னு சொல்லு, ஒத்துக்கிடுதேன். ஆனா மாசிலாமணிக்கு ஆட்டமே தெரியாதும்மா! அவர்ட்ட போய் நான் எப்படித் தோக்கேன்?”

படியேறி வந்த மூச்சுகூட அடங்கவில்லை. பூதலிங்கம் பொரிந்து தள்ளிவிட்டார்.

ஜெபக்கனி அவர் முன்னால் தண்ணீர்ச் செம்பை வைத்தாள். அவள் மடியில் எட்டு மாதப் பிள்ளை ஒரு கரண்டியைச் சப்பிக்கொண்டிருந்தான்.

இந்தப் பூதலிங்கம் யாரென்றால், தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் முப்பத்தோரு வருஷம் புள்ளியியல் நடத்தி ஓய்வு பெற்றவர். ஜெபக்கனி அவரிடம் படித்தவள். படித்தவள் என்றா சொன்னேன்? அவர் பாடத்தில் இரண்டு தடவை பெயிலானவள். ஆனால் மனமகிழ் மன்றத்து மாடியில் ஞாயிறுதோறும் நடக்கிற போக்கர் மேசையில் அவளை அசைக்க ஆளில்லை. பிள்ளை பிறந்த பிறகு அவள் போவதில்லை, அவ்வளவுதான்.

ஆக, இப்போது வாத்தியார் சீடன், பெயிலானவள் குரு. காலம் அப்படி!

அங்கே பெரிய பணமெல்லாம் கிடையாது. ஆளுக்கு ஒரு சினிமா டிக்கெட் விலை. அதற்குப் பிளாஸ்டிக் வில்லைகள் கொடுப்பார்கள். கையில் இரண்டு சீட்டு, மறைவாக. நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும். தன் சீட்டை நம்புகிறவர் வில்லைகளை நடுவில் தள்ளலாம். நம்பாதவர் சீட்டைக் கீழே வைத்துவிடலாம். கடைசியில் கையிலும் நடுவிலும் சேர்த்து எவருக்குப் பெரிய சேர்க்கை அமைகிறதோ, நடுவில் கிடக்கிற வில்லையெல்லாம் அவருக்கு. வெறுங்கையை வைத்துக்கொண்டு மிரட்டியே ஜெயிக்கவும் செய்யலாம். அதற்குத்தான் பிளஃப் என்று பேர்.

ஒரு சட்டம் மட்டும் கறார். நாலு மணிக்கு டீ வரும். தொடர்ந்து மூன்று ஞாயிறு, டீ வருவதற்குள் எவர் வில்லை காலியாகிறதோ அவர் அந்த வருஷம் முழுக்க நாற்காலியை விட்டுக்கொடுத்துவிட வேண்டும். இடம் கேட்டு ஏழு பேர் காத்திருக்கிறார்கள்.

பூதலிங்கம் அந்த மேசையில் சேர்ந்து மூன்று மாதந்தான் ஆகிறது. அதற்குள் தொடர்ந்து இரண்டு ஞாயிறு போய்விட்டது.

“அந்த நாற்காலியும் போச்சுன்னா எனக்கு யாருமில்லம்மா,” என்றார். “வாரம் பூரா நான் வாயத் தொறக்கது அங்க மட்டுந்தான்.”

சொல்லிவிட்டுச் செம்பை எடுத்தார். தண்ணீரைக் குடித்தார்.

“மாசிலாமணி அண்ணாச்சி அப்படி என்னதான் பண்ணுதாரு?” என்று கேட்டாள் ஜெபக்கனி.

மாசிலாமணி லாரி ஆபீஸ் வைத்திருப்பவர். யார் மேலும் கோபப்படத் தெரியாத மனுஷன்.

“சீட்டைக் கீழயே வைக்க மாட்டேங்காரு. நான் எவ்வளவு தள்ளினாலும், ‘பாத்துருவோமே’ன்னு ஒரு வார்த்தை. அவரும் அவ்வளவையும் தள்ளிருதாரு. எங்கையில ஒண்ணும் இருக்காது. மாட்டிக்கிடுதேன்.”

“எப்படி மிரட்டுதீங்க?”

பூதலிங்கத்துக்கு உற்சாகம் வந்துவிட்டது. மூன்று புத்தகம் படித்தவர் அல்லவா!

“முதல்ல கொஞ்சம் தள்ளுவேன். அடுத்த சீட்டுக்கு இன்னுங்கொஞ்சம். அப்புறம் ரொம்ப யோசிக்க மாதிரி கண்ணாடியக் கழத்தித் துடைப்பேன். கடைசில இருக்கது மொத்தத்தையும் தள்ளுவேன். எவனா இருந்தாலும் நடுங்கணும்லா?”

ஜெபக்கனி பிள்ளையைத் தூக்கி அவர் முன்னால் பாயில் உட்கார வைத்தாள்.

“சார், இவனக் கொஞ்சம் பயமுறுத்துங்க.”

“என்னது?”

“பூச்சாண்டி காட்டுங்க.”

குரு சொன்னால் சீடன் செய்ய வேண்டியதுதானே. பூதலிங்கம் தோள்துண்டைத் தலைமேல் போட்டுக்கொண்டார். கண்ணை உருட்டினார். வகுப்பில் கடைசி பெஞ்சை அடக்கிய அதே குரலில், “ஏ... பூச்சாண்டி வாரான்!” என்றார்.

பிள்ளை அவரை உற்றுப் பார்த்தான். தவழ்ந்து வந்தான். மூக்கைப் பிடித்து இழுத்தான்.

“இன்னும் நல்லா, சார்.”

“உன்னைச் சாக்குல போட்டுக் கட்டிக்கிட்டுப் போகப்போறான்! விடமாட்டான்!”

பிள்ளை துண்டை உருவி வாயில் வைத்துக்கொண்டு சிரித்தான்.

“நல்லாத்தான் செய்யுதீங்க,” என்றாள் ஜெபக்கனி. “எனக்கே ஒரு நிமிஷம் திக்குன்னு ஆயிட்டு.”

“பின்ன இவன் ஏன் பயப்பட மாட்டேங்கான்?”

“இவனுக்குச் சாப்பாட்டு நேரம் சார். போயிட்டு வாங்க.”

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பூதலிங்கம் நனைந்த துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். நல்ல குரு வாய்த்தாள் போ, என்று மனதுக்குள் ஒரு வசவு. பாதிப் படி இறங்கியவர் அப்படியே நின்றார்.

“அட, என் மடத்தனமே! பயப்படவே தெரியாதவன்ட்டயா பூச்சாண்டி?” என்றார், படிக்கட்டு முழுக்கக் கேட்கும்படி.

மூன்றாம் ஞாயிறு. இரண்டு மணிக்கு ஆட்டம் தொடங்கியது.

பூதலிங்கம் அன்றைக்கு யாரையும் மிரட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றவில்லை. உதவாத சீட்டு வந்தால் மறுபேச்சில்லாமல் கீழே வைத்தார். வரிசையாகப் பதினோரு ஆட்டம் வைத்தார். பக்கத்து நாற்காலிக்காரர், “என்ன சார், உடம்புக்கு முடியலையா?” என்றுகூடக் கேட்டுவிட்டார்.

பன்னிரண்டாவது ஆட்டத்தில் இரண்டு ராணி வந்தது. நடிப்பெல்லாம் இல்லாமல் தள்ளினார்.

“பாத்துருவோமே,” என்றார் மாசிலாமணி.

பார்த்தார். கொடுத்தார்.

கொஞ்ச நேரம் கழித்து இரண்டு ஆஸ். மறுபடியும் தள்ளினார்.

“பாத்துருவோமே.”

மறுபடியும் பார்த்தார், மறுபடியும் கொடுத்தார். அதில் அவருக்கு ஒரு வருத்தமும் இருந்ததாகத் தெரியவில்லை.

மூன்றரை மணிக்குப் பூதலிங்கத்தின் முன்னால் வில்லைகள் நன்றாகவே குவிந்திருந்தன. இவ்வளவுதானா விஷயம்! இதற்கா மூன்று புத்தகம் படித்தோம்! அவருக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. மெல்லச் சீட்டியடிக்கக்கூடச் செய்தார். பாவம், படிக்கட்டில் பாதிதான் புரிந்திருக்கிறது என்று அவருக்கு அப்போது தெரியாது.

நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அவர் கைக்கு இரண்டு ராஜா வந்தது.

தள்ளினார். எல்லோரும் கீழே வைத்தார்கள், ஒருவரைத் தவிர.

“பாத்துருவோமே,” என்றார் மாசிலாமணி.

நடுவில் முதல் மூன்று சீட்டு திறந்தது. இஸ்பேட் ராஜா, இஸ்பேட் எட்டு, கிளாவர் ஏழு. ஆக, பூதலிங்கத்துக்கு மூன்று ராஜா! மூன்று மாதத்தில் அவர் இவ்வளவு பெரிய சீட்டைப் பார்த்ததில்லை. நிறையத் தள்ளினார்.

“பாத்துருவோமே.”

நாலாவது, டைமண்ட் இரண்டு. இன்னும் நிறையத் தள்ளினார்.

“பாத்துருவோமே.”

ஐந்தாவது சீட்டு திறந்தது. இஸ்பேட் மூன்று.

பூதலிங்கம் கையில் எடுத்த வில்லைகளைத் தள்ளினார். மாசிலாமணியின் வாயிலிருந்து அந்த வார்த்தை வரும் என்று காத்திருந்தார்.

வரவில்லை.

மாசிலாமணி நிமிர்ந்து உட்கார்ந்தார். இரண்டு கையாலும் தன் குவியல் முழுவதையும் மேசை நடுவுக்குத் தள்ளினார். மற்றவர்கள் மிரட்டியதைப் பார்த்துப் பார்த்தே சேர்ந்த குவியல்; பூதலிங்கத்திடம் மிச்சமிருந்ததைவிட அதிகம்.

“என்ன அண்ணாச்சி, மொத்தமாவா?” என்றார் ஒருவர்.

“ஆமா,” என்றார் மாசிலாமணி.

எல்லோர் கண்ணும் பூதலிங்கத்தின் பக்கம் திரும்பியது.

இதற்கு ஈடுகொடுத்துத் தோற்றால் வில்லை காலி, நாற்காலி காலி. பூதலிங்கம் தன் சீட்டை மறுபடி பார்த்தார். மூன்று ராஜா! இதைப் போய் எவனாவது கீழே வைப்பானா? புத்தகத்தில் எந்தப் பக்கத்திலும் அப்படி இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்தார். கணக்கு, தள்ளு தள்ளு என்றது.

கணக்கை விட்டுவிட்டு மாசிலாமணியைப் பார்த்தார்.

மூன்று மாதம். எத்தனை ஆட்டம்! நான் இந்த மனுஷனுக்கு எவ்வளவு பூச்சாண்டி காட்டியிருக்கேன். இவர் எனக்கு என்னைக்காவது ஒண்ணு காட்டியிருக்காரா?

பூதலிங்கம் மூன்றாம் பேருக்குத் தெரியாமல் தன் இரண்டு ராஜாவையும் ஒரு தடவை தடவிக்கொடுத்தார். பிறகு கவிழ்த்துக் கீழே வைத்தார்.

“நான் வரலை,” என்றார்.

மாசிலாமணியின் முகம் தொங்கிப்போய்விட்டது. தன் இரண்டு சீட்டையும் விரித்துப் போட்டார். இரண்டும் இஸ்பேட். நடுவில் கிடந்த மூன்று இஸ்பேட்டோடு சேர்த்தால் ஒரே ஜாதியில் ஐந்து சீட்டு. மூன்று ராஜாவெல்லாம் அதற்குக் கீழேதான்.

அப்போதுதான் பூதலிங்கத்துக்கு மூச்சே வந்தது. அவர் முன்னால் வில்லைகள் கொஞ்சம்தான் மிச்சமிருந்தன. இருந்தாலும் இருந்தன.

டீ வந்தது. ஆளுக்கொரு கிளாஸாக வைத்துக்கொண்டு வந்தவர், பூதலிங்கத்தின் முன்னாலும் ஒன்று வைத்தார்.

மாசிலாமணி தன் டீயைத் தொடவில்லை. மூன்று மாதத்தில் முதல் தடவையாக அவருக்கு உண்மையிலேயே கோபம் வந்திருந்தது.

“உருப்படியா ஒரு சீட்டு எனக்கு இன்னைக்குத்தான் வந்துச்சு,” என்றார். “அதையும் போய் நம்பிட்டீங்களே, சார்!”