ஒன்பது ரோஸ் குஞ்சுகள்

கொட்டாங்குளத்தில் கொம்பையா, பலவேசம், மூக்கன் என்று மூன்று அண்ணன் தம்பிகள் இருந்தார்கள். மூவருக்கும் கை கால் நன்றாக வேலை செய்யும். மற்றபடி சொல்வதற்கு ஒன்றுமில்லை.

மூத்தவன் கொம்பையாவின் மனைவி மாடத்தி, மகளின் பிரசவத்துக்காக ஊருக்குப் புறப்பட்டபோது கண்டிப்பாகச் சொன்னாள்: "ஒன்பது கோழிக்குஞ்சு விட்டுட்டுப் போறேன். வெள்ளிக்கிழமை வருவேன். ஒண்ணு குறைஞ்சாலும், உங்க தம்பிமாரு பொங்குற சோத்தைத்தான் ஆயுசுக்கும் திங்கணும்."

கொம்பையா அந்தச் சோற்றைத் தின்றிருக்கிறான்.

மறுநாளே ஒரு பருந்து வட்டமிட்டது. அவன் கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடினான். "குஞ்சுக்கெல்லாம் ரோஸ் சாயம் பூசி விடுங்க. பருந்துக்கு அடையாளமே தெரியாது" என்றார் டாக்டர்.

மூவரும் பூசினார்கள். கை கழுவக் குளத்துக்குப் போய்த் திரும்பினால், முற்றத்தில் ஒன்பது ரோஸ் குஞ்சுகள் மேய்ந்துகொண்டிருந்தன.

"அண்ணே, இது யார் வீட்டுக் குஞ்சு?" என்றான் மூக்கன்.

"நம்மதா இருக்குமோ?"

பலவேசம் யோசித்தான். "பருந்து ஆகாசத்துல இருந்து எலியைப் பார்க்கும். அதுக்கே அடையாளம் தெரியாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. நமக்குத் தெரிஞ்சா அவரு பொய்யராயிடமாட்டாரா?"

டாக்டரைப் பொய்யராக்க யாருக்கும் மனம் வரவில்லை.

"தாய்க்கோழி இதுகளோடதானே திரியுது?" என்றான் கொம்பையா ஈனக்குரலில்.

"பெத்ததைப் பறிகொடுத்த துக்கம், அண்ணே. ஊரான் பிள்ளையைச் சேர்த்துக்கிட்டு" என்றான் பலவேசம்.

மூவரும் கோழியைப் பார்த்துக் கண் கலங்கினார்கள். பிறகு குஞ்சுகளைக் கூடையில் போட்டு வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். ஊரில் ஒருவரும் தங்களுடையது என்று சொல்லவில்லை. வேறு வழியில்லாமல், உரியவர் வரும்வரை தாங்களே காபந்து செய்தார்கள். பருந்தும் அந்தப் பக்கம் வரவில்லை.

வியாழக்கிழமை மதியம் மழை கொட்டியது. மழை வெறித்ததும் பார்த்தால், முற்றத்தில் ஒன்பது பழுப்புக் குஞ்சுகள்!

"திரும்பி வந்துட்டுலே!" கொம்பையா துள்ளிக் குதித்தான். இரண்டு துள்ளலுக்குப் பிறகு நின்றுவிட்டான். "ஏலே, அந்த ரோஸ் குஞ்செல்லாம் எங்கலே?"

மூவரும் வைக்கோற்போரைக் கூடக் கிளறிப் பார்த்தார்கள். காணவில்லை.

"அடுத்தவன் பொருளைத் தொலைச்சிட்டோமே" என்று இரவெல்லாம் புலம்பிய கொம்பையா, விடிந்ததும் முடிவெடுத்தான். "நம்ம ஒன்பதுக்கும் ரோஸ் பூசி, உடையவன் வந்தா கொடுத்துருவோம். நியாயம்னு ஒண்ணு இருக்குல்லா?"

பூசி முடித்து, சாயம் காயாத கையோடு அவர்கள் நிமிரும்போது மாடத்தி வாசலில் நின்றாள். "எங்க என் குஞ்சு?"

"ஊரான் குஞ்சு ஒன்பதும் கிடைச்சிட்டு, மாடத்தி. நம்மதைத்தான் மறுபடியும் காணோம்!"

தம்பிகளின் சோறு கண்முன் வர, கொம்பையா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். கையை எடுத்தான்.

பலவேசம் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு அலறினான்.

"ஐயோ மதினி! அண்ணனையும் காணோம்!"