சகாயமேரியின் ரத்தக் கொழுப்பு

“நான் சொன்னதுல ஏதாவது பொய் இருக்கா, மேடம்?” என்று கேட்டாள் இளவேனில்.

பேராசிரியை ரஹ்மத் நிஷா ஸ்கேன் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வயதில் அவர் இளவேனிலைவிடச் சிறியவர். ஆனால் மகப்பேறு மருத்துவத்தில் அவளுக்கு ஆசான் அவர்தான்.

கடலோரக் குப்பத்திலிருந்து சகாயமேரி போன மாதம் வந்தபோது ஆறு மாதக் கர்ப்பிணி. வயிற்றில் பிள்ளை இருக்கும்போது எல்லோருக்கும் ரத்தத்தில் கொழுப்பு கொஞ்சம் ஏறும். அவளுக்கு எக்கச்சக்கமாக ஏறியிருந்தது.

“உன் கொழுப்பு பிள்ளையோட ரத்தக்குழாயில இப்பவே படியலாம். பெரிசானாலும் அதோட உடம்பு கொழுப்பைச் சரியாக் கையாளாம போகலாம்” என்று இளவேனில் எச்சரித்து அனுப்பியிருந்தாள்.

இந்த மாதம் வந்தவளுக்குத் தோளெலும்பு துருத்திக்கொண்டு நின்றது. ஸ்கேனில் பிள்ளை வளரவே இல்லை.

நிஷா கட்டிலோரம் உட்கார்ந்தார்.

“என்னம்மா சாப்பிடுற?”

“கஞ்சித் தண்ணி.”

“வேற?”

“வேற எதைத் தின்னாலும் பிள்ளைக்கு அடைச்சிரும்லா?”

நிஷா இளவேனில் பக்கம் திரும்பினார்.

“பிள்ளையோட மூளை வளர என்ன வேணும், டாக்டர்?”

“கொழுப்பு வேணும். கொலஸ்ட்ராலும்.”

“எங்கேருந்து வரும்?”

“பிள்ளையே தயாரிச்சுக்கும். கொஞ்சம் அம்மாகிட்டேருந்து போகும்.”

“அதைச் சொன்னீங்களா?”

“இல்ல, மேடம்.”

நிஷா எழுந்துபோய்த் தன் சாப்பாட்டை எடுத்து வந்தார். சோறு, அவரைக்காய்ப் பொரியல், சாளை மீன் குழம்பு. இரண்டு தட்டில் போட்டு ஆளுக்கொன்று கொடுத்தார்.

“பக்கத்துல உக்காந்து சாப்பிடுங்க, டாக்டர்.”

“அவங்ககிட்ட என்ன சொல்லட்டும், மேடம்?”

“சாப்பிடுங்க.”

சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

இளவேனில் ஒரு வாய் சாப்பிட்டாள். சகாயமேரி தட்டைத் தொடவில்லை. மீனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இதுல பிள்ளைக்கு எம்புட்டு கொழுப்பு போவும், டாக்டரம்மா?”

இளவேனிலுக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது, படித்ததெல்லாம். அந்த முகத்தைப் பார்த்தாள். வந்தது அப்படியே நின்றுவிட்டது.

“எனக்குத் தெரியாது, மேரி. யாருக்குமே முழுசாத் தெரியாது. பிள்ளை பிறக்கட்டும். அது வளர வளர நாம சேர்ந்து பாத்துக்கலாம்.”

சகாயமேரி தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“சாளையில முள்ளு ஜாஸ்தி,” என்றாள். “பாத்துத் தின்னுங்க.”