பொங்கியண்ணன் போட்ட முடிச்சு

முடிச்சுப் போடுவதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பது லாரி முதலாளி பொங்கியண்ணனின் நினைப்பு. பழைய லாரிக்கு அடியில் ஸ்டெப்னி டயரைத் தாங்கும் இரும்புச் சட்டம் ஒடிந்துபோனது. "வெல்டிங் வச்சிரலாமுங்க" என்றார் டிரைவர் மாரப்பன். முதலாளி டயரைக் கயிற்றால் கட்டிவிட்டு எழுந்தார்.

"இது காசிக்குப் போனாலும் அவுராது. டயர் காணாமப் போச்சுன்னா நீ வித்துட்டேன்னுதான் அர்த்தம்!"

"சரிங்க மொதலாளி. நீங்களும் கொல்லிமலைக்குத்தானே வர்றீங்க? புதுக் காரை லாரிக்குப் பின்னாலயே ஒட்டி ஓட்டிட்டு வாங்க. எனக்கும் ஒரு சாட்சி ஆச்சு."

"வர்றேன். எனக்கென்ன பயமா?"

லாரி கிளம்பியது. முதல் வேகத்தடையில் ஏறி இறங்கியதும் டயர் கயிற்றில் ஊஞ்சலாடியது. பின்னால் ஹாரன் விடாமல் அலறியது. மாரப்பன் இறங்கிப் பார்த்தார். முதலாளியின் கார் எங்கோ தூரத்தில் நின்றது. அதன் அருகே நடந்து போனார்.

"கயிறு அவுந்திருச்சுங்களா, மொதலாளி?"

"அதெல்லாம் அவுரல. நீ வண்டிய வெல்டிங் பட்டறைக்கு விடு."

சட்டம் புதிதுபோல் ஆனது. மாரப்பன் கயிற்றை அழகாகச் சுருட்டி முதலாளியிடம் நீட்டினார்.

"கார்லயே வச்சுக்கோங்க. காசிக்குப் போறப்ப ஒதவும்."