சமாதானம் என்று எழுதிய முயல்

ஒரு காட்டில் குறை கேட்கும் குடில் ஒன்று இருந்தது. யார் யாரை அடித்தாலும் அங்கே வந்து சொல்லலாம் என்று தலைவர் யானை அறிவித்திருந்தது. குடிலின் பொறுப்பு ஒரு முயலிடம். விதி தவறிவிடுமோ என்று எப்போதும் பயப்படும் முயல் அது.

விதி இதுதான், குழந்தைகளே. குறை சொல்ல வந்தவரையும் அடித்தவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்துத்தான் விசாரிக்க வேண்டும்.

ஒரு நாள் பெண்மயில் ஒன்று வந்தது. அதன் கொண்டை பிய்ந்திருந்தது.

"தம்பி, என் வீட்டுக்காரர் என்னை அடிக்கிறார்."

"அப்படியா அக்கா? இதோ, அவருக்கு ஆள் அனுப்புகிறேன்."

"வேண்டாம். நீ மட்டும் கேள்."

"விதி அப்படி இல்லையே, அக்கா" என்று முயல் அணிலை ஓடவிட்டது.

ஆண்மயில் தோகையைச் சிலுப்பிக்கொண்டு வந்தது. அதன் ஆட்டத்துக்குக் காடே மயங்கும்.

"என்ன முயலாரே, புருஷன் பெண்டாட்டி சண்டைக்கெல்லாம் குடில் திறந்துவிட்டீர்களா?" என்று சிரித்தது. பிறகு மனைவியிடம், "சொல்லு கண்ணு, நான் அடித்தேனா?" என்றது.

பெண்மயில் தரையைப் பார்த்தது. "இல்லை. முள்ளில் மாட்டிக்கொண்டது."

முயலுக்கு நிம்மதி. ஓலையில் 'சமாதானம்' என்று எழுதி, இருவரையும் சேர்த்தே வழியனுப்பியது.

மழைக்காலம் முடிவதற்குள் பெண்மயில் இன்னொரு முறை வந்தது. அப்போதும் முயல் ஆள் அனுப்பியது. அப்போதும் 'சமாதானம்' என்றே எழுதியது.

ஆண்டு முடிவில் யானை எல்லோரையும் கூட்டியது. "நம் காட்டில் ஒரு புகார்கூடத் தீராமல் இல்லை" என்று முயலுக்கு அருகம்புல் மாலை போட்டது. மேளம் முழங்க, ஆண்மயில் மேடையேறி ஆடத் தொடங்கியது.

முயல் மாலையில் ஒரு புல் நுனியைக் கடித்துப் பார்த்தது. இனித்தது.

அப்போதுதான் கூட்டத்தின் ஓரத்தில் பெண்மயிலைக் கண்டது. அதன் ஒரு சிறகு தரையில் இழுபட்டது. முயல் ஓடிப்போய்க் கேட்டது.

"அக்கா, இது எப்போது? என்னிடம் வந்து சொல்லியிருக்கலாமே."

பெண்மயில் மேடையைப் பார்த்தது. மேளச் சத்தத்தில் இங்கே பேசுவது அங்கே கேட்காது.

"வந்தேனே, தம்பி. நீ அவருக்கு ஆள் அனுப்பினாய். போன முறை உன் குடிலிலிருந்து வீடு திரும்பும் வழியில்தான் இது ஒடிந்தது."

முயலின் வாயில் புல் கசந்தது.

"இதைத் தலைவரிடம் சொல்லலாமா, அக்கா?"

"இன்று நான் அவரோடு வீட்டுக்குப் போக வேண்டியதில்லை என்றால் சொல்."

முயல் மாலையைக் கழற்றி யானையின் காலடியில் வைத்தது. நடந்ததைச் சொன்னது. "ஐயா, என் குடிலுக்கு வராமல் இருந்திருந்தால் அக்காவின் சிறகு முழுதாக இருந்திருக்கும்."

யானையின் காதுகள் அசைவதை நிறுத்தின. "விதியைப் போட்டவன் நான்" என்று அது தலையைத் தாழ்த்தியது.

மேளம் நின்றது. ஆண்மயில் விரித்த தோகையோடு அப்படியே நின்றது. யாரும் அதைப் பார்க்கவில்லை.

அன்று பெண்மயில் யானைக் கூட்டத்தின் நடுவே தூங்கியது. மறுநாளே பழைய விதி போயிற்று. குடிலுக்குப் புதர்ப் பக்கமாக இன்னொரு வாசல் வைத்தார்கள். 'சமாதானம்' என்று எழுதிய பழைய ஓலைகளை எடுத்துக்கொண்டு முயல் குறை சொல்ல வந்த ஒவ்வொருவரையும் தனியே தேடிப் போனது. "இன்று எங்கே தங்கினால் உங்களுக்கு அடி விழாது?" என்பதுதான் அதன் முதல் கேள்வி.

பெண்மயிலின் சிறகு ஒருவாறு கூடியது. ஆனால் உயரமான கிளைக்குப் பறக்க முடியவில்லை. அது தாழ்ந்த கிளையில் அமரும்போதெல்லாம் முயல் தலையைக் குனிந்துகொள்ளும்.

நீதி: அடித்தவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டால் அடிபட்டவள் வாய் திறக்க மாட்டாள், அந்தக் குற்றம் கேட்டவருடையது.